இயங்குதள மேம்படுத்தலுக்குப் பின் இசட் ஷெல்: பழுது பார்த்தவரின் மதிப்புரை

இயங்குதளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றி முடித்த அன்று மாலை டெர்மினலைத் திறந்து, கோப்புகளைப் பட்டியலிடும் எல்எஸ் கட்டளையை வழக்கம்போல் தட்டினேன். அப்படியொரு கட்டளை இல்லை என்று பதில் வந்தது. கேட் இல்லை, கிட் இல்லை, கோப்புகளைத் திருத்தப் பயன்படுத்தும் விம்மும் இல்லை. ஆனால் அடைவு (கோப்புறை) மாற்றும் சிடி வேலை செய்தது. எக்கோவும் வேலை செய்தது. இந்த வேறுபாட்டைக் கவனித்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரிதான்: தட்டும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரலான ஷெல்லுக்கு உள்ளேயே இருக்கும் கட்டளைகள் ஓடுகின்றன, வட்டில் தேடி எடுக்க வேண்டிய நிரல்கள் மட்டும் கிடைக்கவில்லை. ஆகவே எந்த நிரலும் அழிந்துபோகவில்லை. எங்கே தேட வேண்டும் என்று ஷெல்லுக்குச் சொல்லும் பாத் என்ற மாறிதான் (மதிப்பைச் சேமித்துவைக்கும் பெயர்) கெட்டுப்போயிருக்கிறது.

மேம்படுத்தலோடு சேர்த்து என் கணக்கின் ஷெல்லையும் பேஷ் என்ற ஷெல்லிலிருந்து இசட் ஷெல் என்ற இன்னொன்றுக்கு அன்று மாற்றியிருந்தேன். பல ஆண்டுகளாகச் சேர்த்துவைத்த பேஷ் அமைவுக் கோப்பை ஒரு வரியும் மாற்றாமல் படியெடுத்து, புதிய ஷெல் எதிர்பார்க்கும் பெயரில் வைத்திருந்தேன். அந்த மாலையில் தொடங்கிய பழுது பார்க்கும் வேலையும், அதன்பின் ஒவ்வொரு மேம்படுத்தலின்போதும் செய்த சிறு திருத்தங்களும்தான் இந்த மதிப்புரைக்கு அடிப்படை. எடுத்துக்கொண்டது 2022 மே மாதம் வெளியான 5.9 பதிப்பு. கட்டளை தட்டும் இடத்தில் தோன்றும் ப்ராம்ப்ட்டின் வண்ணங்களைப் பற்றியும் தீம்களைப் பற்றியும் இங்கே பேசப்போவதில்லை. அமைவு குலைந்து நிற்கும் ஒருவருக்கு இந்த ஷெல் எவ்வளவு ஒத்துழைக்கிறது என்பதே என் கேள்வி. கெடுத்துக்கொள்ள ஏராளமான வழிகளை இசட் ஷெல் திறந்து வைத்திருக்கிறது. ஆனால் கெட்டது எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று காட்டிக்கொடுப்பதில் பேஷைவிட அது பல படி மேலே நிற்கிறது. இதுவே என் முடிவு. காரணங்களைக் கீழே விரித்துச் சொல்கிறேன்.

பால் ஃபால்ஸ்டாட் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்தபோது, 1990-இல் எழுதிய ஷெல் இது. அங்கே அப்போது கற்பித்தல் உதவியாளராக இருந்த ஜாங் ஷாவ் என்பவரின் கணக்குப் பெயரான இசட்எஸ்எச் என்பதே ஷெல்லுக்கும் பெயராயிற்று. பிரையன் ஃபாக்ஸ் குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்துக்காக எழுதிய பேஷ் 1989-இல் வெளிவந்தது. ஆக, இரண்டும் ஏறத்தாழ ஒரே வயதுடையவை. இருந்தும் நெடுங்காலம் பேஷே எங்கும் இயல்பு ஷெல்லாக இருந்தது. 2019 அக்டோபரில் வெளியான மேக்ஓஎஸ் கேட்டலினா, புதிய கணக்குகளுக்கு இசட் ஷெல்லை இயல்பாக்கியது; பழைய கணக்குகளை பேஷிலேயே விட்டுவிட்டு, டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் மாறிக்கொள்ளும்படி ஒரு அறிவிப்பை மட்டும் காட்டியது. 2020 நவம்பரில் காலி லினக்ஸ் என்ற இயங்குதளமும் இதே மாற்றத்தைச் செய்தது. மேக்ஓஎஸ்ஸோடு வரும் பேஷ் 3.2 வரிசையைச் சேர்ந்தது. அந்த வரிசை 2006-இல் தொடங்கியது. 4.0 முதல் பேஷின் உரிமம், நிபந்தனைகள் மிகுந்த ஜிபிஎல் என்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்புக்கு மாறியது. இசட் ஷெல்லின் உரிமம் கட்டுப்பாடுகள் மிகக் குறைந்தது. இயங்குதள மேம்படுத்தல் பலருக்கு ஷெல் மாற்றமாகவும் அமைந்துவிட்டதன் பின்னணி இதுதான்.

மீண்டும் அந்த மாலைக்கு வருகிறேன். என் பழைய கோப்பின் 31-ஆம் வரியில், திட்டங்களை வைத்திருக்கும் அடைவின் முகவரியை ஒரு மாறியில் இட்டிருந்தேன். அந்த மாறிக்கு நான் வைத்திருந்த பெயர், சிறிய எழுத்துகளில் எழுதிய பாத். பேஷில் இதனால் ஒரு தீங்கும் இல்லை. பெரிய எழுத்துகளில் எழுதும் பாத் வேறு, சிறிய எழுத்துகளில் எழுதும் பாத் வேறு. இசட் ஷெல்லிலோ சிறிய எழுத்து பாத் என்பது முன்கூட்டியே இருக்கும் ஒரு அணி, அதாவது பல மதிப்புகளின் பட்டியல். அது பெரிய எழுத்து பாத்தோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒன்றில் கை வைத்தால் மற்றதும் மாறும். நிரல்களைத் தேட வேண்டிய அடைவுகளின் பட்டியல் முழுவதும் போய், அந்த இடத்தில் என் திட்ட அடைவு ஒன்றே நின்றது.

அமைவுக் கோப்புகளைப் படிக்காமல் ஷெல்லைத் தொடங்கும் ஹைஃபன் எஃப் என்ற தெரிவை முதலில் முயன்றேன். இசட் ஷெல்லையே அதன் முழு முகவரியைக் கொடுத்துத்தான் தொடங்க முடிந்தது. தொடங்கிய பிறகும் எல்எஸ் கிடைக்கவில்லை. பாத் ஏற்றுமதி செய்யப்பட்ட மாறி என்பதால், தாய் ஷெல்லின் கெட்ட மதிப்பைக் குழந்தை ஷெல்லும் அப்படியே வாங்கிக்கொண்டது. சுத்தமான ஷெல்லைத் திறந்தும் சரியாகவில்லை என்றால் இயங்குதளமே கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி, மறுபடி நிறுவப் போய்விடுபவர்கள் இருக்கிறார்கள்; அந்த முடிவுக்குப் போக வேண்டியதில்லை. /யூஎஸ்ஆர்/பின், /பின், /யூஎஸ்ஆர்/எஸ்பின், /எஸ்பின் ஆகிய நான்கு அடைவுகளையும் முக்காற்புள்ளியால் பிரித்து, பெரிய எழுத்து பாத்துக்குக் கையால் மதிப்பாகக் கொடுத்தாலே அடிப்படைக் கருவிகள் எல்லாம் திரும்பிவிடும். அது அந்த ஒரு சாளரத்துக்கு மட்டுமான முதலுதவி. மூல காரணத்தைத் தேட அது போதும்.

அதன்பின் ஹைஃபன் எக்ஸ் தெரிவோடு ஒரு புதிய ஷெல்லைத் தொடங்கி, அதன் பிழை வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதவைத்தேன். ஷெல் ஓட்டும் ஒவ்வொரு கட்டளையையும் ஓட்டுவதற்கு முன் காட்டச் செய்யும் தெரிவு அது, பேஷிலும் உண்டு. வேறுபாடு, காட்டும் விதத்தில் இருக்கிறது. பேஷ் இயல்பாக ஒரு கூட்டல் குறியைப் போட்டுக் கட்டளையை எழுதும், அவ்வளவுதான். இசட் ஷெல்லின் தடத்தில் கூட்டல் குறியை அடுத்துக் கோப்பின் பெயர், முக்காற்புள்ளி, வரி எண், அதன்பின்தான் கட்டளை. என் தடக் கோப்பில் முதல் 'கட்டளை இல்லை' செய்தியைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து மேலே சில வரிகள் ஏறியதும், 31 என்ற எண்ணோடு சிறிய எழுத்து பாத்துக்கு மதிப்பிடும் வரி கண்ணில் பட்டது. மாறியின் பெயரை மாற்றிச் சேமித்தேன். புதிய சாளரத்தில் எல்லாம் ஓடின. பேஷிலும் பிஎஸ்4 என்ற மாறியை மாற்றியமைத்து இதே விவரங்களை வரவைக்கலாம் என்பது உண்மை. ஆனால் அது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சிக்கலில் இருப்பவரிடம் கூடுதல் அறிவை எதிர்பார்க்காமல், கேட்ட உடனே கோப்பையும் வரியையும் சொல்வது நல்ல கருவியின் அடையாளம் என்று கருதுகிறேன்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஸ்டேட்டஸ் என்ற பெயரும் இசட் ஷெல்லுக்கு உரியது. அதை மாற்ற முயன்றால், படிக்க மட்டுமான மாறி என்ற பிழைச்செய்தியோடு நின்றுவிடும். பாத்தைப் பொறுத்தவரை அப்படி எந்த எச்சரிக்கையும் இல்லை. பேஷிலிருந்து வருபவர்களை மிக மோசமாகத் தடுக்கி விழவைக்கும் இடத்தில் ஷெல் மௌனமாக இருப்பதை ஒரு குறையாகவே பதிவுசெய்கிறேன். அதே நேரம், பிணைப்பு தரும் பயனும் பெரியது. அணியின் உறுப்புகளை வரிக்கு ஒன்றாக அச்சிட்டால் தேடல் வரிசை முழுவதும் மேலிருந்து கீழாகத் தெரிகிறது. முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட சரத்தைக் கண்ணால் பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. டைப்செட் கட்டளையைப் பெரிய யூ தெரிவோடு அந்த அணிக்குக் கொடுத்துவிட்டால், ஒரே அடைவு இரண்டு முறை ஏறுவதும் நின்றுவிடும்.

மேம்படுத்தலுக்குப் பிந்தைய சிக்கல்களில் கணிசமானவை, எந்த அமைவு எந்தக் கோப்பில் இருக்க வேண்டும் என்ற குழப்பத்திலிருந்து வருபவை. இசட் ஷெல் வீட்டு அடைவில் தேடும் தொடக்கக் கோப்புகள் நான்கு. எல்லாவற்றின் பெயரும் ஒரு புள்ளியில் தொடங்கி இசட் என்ற எழுத்தோடு தொடர்வதால், கடைசிப் பகுதியை மட்டும் சொல்கிறேன். என்வி கோப்பு எப்போதும் படிக்கப்படும். கட்டளைகளைக் கோப்பில் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் ஓடும்போதும் படிக்கப்படும். ப்ரொஃபைல் கோப்பு உள்நுழைவு ஷெல்லில் மட்டும். ஆர்சி கோப்பு, மனிதர் உட்கார்ந்து தட்டும் ஊடாடு ஷெல்லில் மட்டும். லாகின் கோப்பு மறுபடி உள்நுழைவு ஷெல்லில், ஆர்சிக்குப் பின். ஒவ்வொன்றுக்கும் முன்னால், /ஈடிசி அடைவில் இருக்கும் அதன் பொதுக் கோப்பு படிக்கப்படும். வரிசை மாறாது, விதிவிலக்குகள் குறைவு. பேஷில் உள்நுழைவு ஷெல், மூன்று பெயர்களை வரிசையாகத் தேடி முதலில் அகப்பட்டதை மட்டும் படித்துவிட்டு மற்ற இரண்டையும் விட்டுவிடுகிறது. அதன் ஆர்சி கோப்போ உள்நுழையாத ஊடாடு ஷெல்லுக்கு மட்டுமானது. இதனால்தான் பேஷில் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றைக் கையால் அழைக்கும் வழக்கமே உருவானது. இந்த இடத்தில் இசட் ஷெல்லின் ஒழுங்கு எனக்குப் பெரிய நிம்மதி.

அந்த ஒழுங்கைக் கண்ணால் பார்க்கவும் முடியும். சோர்ஸ் ட்ரேஸ் என்றொரு தெரிவு இருக்கிறது. அதை இயக்கி உள்நுழைவு ஷெல்லைத் தொடங்கினால், படிக்கப்படும் ஒவ்வொரு கோப்பின் பெயரும் படிக்கப்படும் வரிசையிலேயே திரையில் வரும். 'நான் எழுதிய வரி ஏன் வேலை செய்யவில்லை' என்ற கேள்விக்கு, 'அந்தக் கோப்பு படிக்கப்படவே இல்லை' என்ற விடை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பது இதை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். இசட் ஷெல்லைப் பயன்படுத்துபவர்களிலேயே பலர் அறியாத இந்தத் தெரிவை, முதலில் கற்க வேண்டியதாகப் பரிந்துரைக்கிறேன்.

வரிசை தெரிந்திருந்தும் ஏமாறக்கூடிய இடம் ஒன்று உண்டு. மேக்ஓஎஸ்ஸில் /ஈடிசி அடைவின் ப்ரொஃபைல் கோப்பு, பாத் ஹெல்பர் என்ற சிறு நிரலை ஓட்டுகிறது. அந்த நிரல், இயங்குதளம் வைத்திருக்கும் அடைவுப் பட்டியலை முன்னால் வைத்து, ஏற்கெனவே பாத்தில் இருந்தவற்றைப் பின்னால் சேர்க்கிறது. என்வி கோப்பு அதற்கு முன்பே படிக்கப்பட்டுவிடுவதால், அங்கே பாத்தின் முன்னால் சேர்த்த அடைவு கடைசிக்குப் போய்விடும். விளைவாக, நீங்கள் தனியாக நிறுவிய கருவிக்குப் பதிலாக, இயங்குதளத்தோடு வந்த அதே பெயருடைய பழைய கருவி ஓடும். பிழைச்செய்தி எதுவும் வராது. தீர்வு எளிது: பாத்துக்கான வரிகளை வீட்டு அடைவின் ப்ரொஃபைல் கோப்புக்கு நகர்த்த வேண்டும். மென்பொருள்களை நிறுவ உதவும் ஹோம்ப்ரூவுக்கான வரியும் அங்கே இருப்பதே நல்லது. இன்டெல் கணினியிலிருந்து ஆப்பிள் சிலிக்கான் கணினிக்கு அமைவுகளைக் கொண்டுவந்தவர்கள் அந்த வரியின் முகவரியையும் பார்க்க வேண்டும்; முன்னதில் ஹோம்ப்ரூ /யூஎஸ்ஆர்/லோக்கல் அடைவிலும், பின்னதில் /ஆப்ட்/ஹோம்ப்ரூ அடைவிலும் இருக்கும். ஒரு கட்டளையின் எந்தப் பிரதி ஓடுகிறது என்று ஐயம் வந்தால், டைப் கட்டளையை ஹைஃபன் ஏ தெரிவோடு கேளுங்கள். மாற்றுப்பெயர், செயற்கூறு, வட்டில் இருக்கும் பிரதிகள் எல்லாவற்றையும் முன்னுரிமை வரிசையில் சொல்லிவிடும்.

/ஈடிசி அடைவின் பொதுக் கோப்புகளில் சொந்த வரிகளை எழுதாதீர்கள். லினக்ஸின் டெபியன் குடும்பத்தில் மேம்படுத்தும்போது, நீங்கள் மாற்றிய கோப்பை வைத்துக்கொள்வதா புதியதை எடுப்பதா என்று கேட்பார்கள். ஃபெடோராவில் புதியதோ பழையதோ வேறு பின்னொட்டோடு பக்கத்தில் கிடக்கும். எப்படியானாலும் அது இயங்குதளத்தின் இடம்.

கோப்புகள் ஒழுங்கானதும் வெளிப்படுபவை மொழி வேறுபாடுகள். மேற்கோள் குறி இல்லாமல் எழுதிய மாறியை பேஷ் இடைவெளிகளில் உடைத்துப் பல சொற்களாக்கும். இசட் ஷெல் உடைக்காது. ஒரு மாறியில் ஹைஃபன் எல், ஹைஃபன் ஏ என்ற இரண்டு தெரிவுகளையும் இடைவெளி விட்டு வைத்து, அதை எல்எஸ்ஸுக்குக் கொடுத்தால், நடுவில் இடைவெளியுள்ள ஒரே தெரிவாக அது போய்ச் சேர்ந்து பிழை வரும். பழகியவர்களுக்கு எரிச்சலாக இருக்கும். ஆனால் இடைவெளியுள்ள கோப்புப் பெயர்களால் பேஷ் ஸ்கிரிப்டுகளில் எத்தனை விபத்துகள் நேர்ந்திருக்கின்றன என்று எண்ணிப்பார்த்தால், இசட் ஷெல்லின் நடத்தையே சரி என்பேன். பல தெரிவுகளை வைக்க வேண்டுமானால் அணியைப் பயன்படுத்த வேண்டும். அந்த அணியின் முதல் உறுப்பின் எண் இங்கே 1, பேஷில் 0. பொருந்தும் கோப்பு இல்லாத நட்சத்திரக் குறியை பேஷ் அப்படியே கட்டளைக்கு அனுப்பிவிடும். இசட் ஷெல் பொருத்தம் இல்லை என்று சொல்லிக் கட்டளையை ஓட்டாமலே நிறுத்திவிடும். இதனால் கேள்விக்குறி உள்ள இணைய முகவரிகளையும் சதுர அடைப்புக்குறி உள்ள தொகுப்புப் பெயர்களையும் மேற்கோளுக்குள் எழுத வேண்டியிருக்கிறது. தெரிவுகளை மாற்றும் ஷாப்ட் என்ற பேஷ் கட்டளை இங்கே இல்லை; ப்ராம்ப்ட்டின் குறியீடுகளும் வேறு. சாய்கோட்டில் தொடங்கும் பழைய குறியீடுகள் திரையில் அப்படியே எழுத்தாக நிற்கும். அவற்றைச் சதவீதக் குறியில் தொடங்கும் குறியீடுகளாக மாற்ற வேண்டும்.

டேப் விசையால் கட்டளைகளை நிரப்பும் வசதி இசட் ஷெல்லின் புகழ்பெற்ற பகுதி. மேம்படுத்தலுக்குப் பின் முரண்டு பிடிப்பதும் அதுதான். பாதுகாப்பற்ற அடைவுகள் இருக்கின்றன, தொடரலாமா என்று ஒவ்வொரு சாளரத்திலும் கேட்டால், நிரப்பல் கோப்புகள் இருக்கும் அடைவு ஒன்றின் உரிமையோ எழுதும் அனுமதியோ மாறியிருக்கிறது என்று பொருள். அந்தக் கேள்வியே வராமல் செய்ய, நிரப்பலைத் தொடங்கிவைக்கும் காம்ப்இனிட் கட்டளைக்கு ஹைஃபன் யூ சேர்க்கச் சொல்லும் ஆலோசனை பரவலாகக் கிடைக்கிறது. நான் அதை ஏற்கவில்லை. மற்றவர்கள் எழுதக்கூடிய இடத்திலிருந்து நிரல் வரிகளைப் படித்து உங்கள் ஷெல்லுக்குள் ஓட்டலாமா என்பதே அந்தக் கேள்வி. காவலரை அனுப்பிவிடுவது அதற்குப் பதிலாகாது. காம்ப்ஆடிட் என்று தட்டினால் எந்த அடைவுகள் என்று பட்டியல் வரும். அவற்றுக்குக் குழுவின் எழுதும் அனுமதியை நீக்கினால் பெரும்பாலும் முடிந்துவிடும். நிரப்பலே பழைய தகவலைக் காட்டினால், வீட்டு அடைவில் புள்ளியோடு தொடங்கும் இசட் காம்ப்டம்ப் கோப்பை அழித்துவிடலாம். அது முன்பு திரட்டிய தகவலின் தேக்கம் மட்டுமே, தானே மீண்டும் உருவாகும். நிரப்பல் கோப்புகளின் எண்ணிக்கையோ ஷெல்லின் பதிப்போ மாறினால் ஷெல் அதைத் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும்; எண்ணிக்கை மாறாமல் உள்ளடக்கம் மட்டும் மாறினால் கவனிக்காது.

குறைகளில் எனக்கு மிகவும் உறுத்துவது கட்டளை வரலாறு. இசட் ஷெல்லை அதன் சொந்த இயல்பில் விட்டால், தட்டிய கட்டளைகளில் 30-ஐ மட்டும் நினைவில் வைத்து, வெளியேறும்போது ஒன்றையும் சேமிக்காது. கோப்பின் பெயர், அளவு, சேமிக்கும் எண்ணிக்கை மூன்றையும் நாமே தர வேண்டும். சில இயங்குதளங்கள் தம் பொதுக் கோப்பில் இவற்றைத் தந்துவிடுவதால் பலர் இதை உணர்வதில்லை. பேஷில் சேர்ந்த வரலாற்றையும் அது தானாக எடுத்துக்கொள்ளாது. ஆவணங்கள் ஆழமானவை, ஆனால் பதினைந்துக்கும் மேற்பட்ட தனித்தனிக் கையேட்டுப் பக்கங்களாகச் சிதறியிருக்கின்றன. எதைத் தேடுகிறோம் என்று தெரியாதவருக்கு அவை சுவர்போல் நிற்கின்றன. ஸ்கிரிப்டுகளின் தவறுகளைச் சுட்டிக்காட்டும் ஷெல்செக், பேஷை ஆதரிக்கிறது, இசட் ஷெல்லை ஆதரிப்பதில்லை. ஹைஃபன் என் தெரிவு இலக்கணப் பிழைகளை மட்டும் காட்டும். பாத் என்று மாறிக்குப் பெயரிடும் தவறை அது பிடிக்காது. தீம்களையும் செருகுநிரல்களையும் கட்டித் தரும் தொகுப்புகளைப் பற்றி ஒன்று மட்டும்: பழுது தேடும்போது முதலில் அவற்றை நிறுத்திவிடுங்கள், தடக் கோப்பு பல மடங்கு சுருங்கும்.

ஊடாடு ஷெல்லாக இதை முழு மனத்தோடு பரிந்துரைக்கிறேன். ஸ்கிரிப்டுகளை மாற்ற வேண்டியதில்லை. முதல் வரியில் பேஷ் என்று எழுதியிருப்பவை பேஷிலேயே ஓடட்டும். பழைய அமைவுக் கோப்பை மொத்தமாகப் படியெடுக்காமல், வெற்றுக் கோப்பில் தொடங்கி, தேவைப்படும் வரியை மட்டும் தேவைப்படும்போது கொண்டுவாருங்கள்.

இப்போது ஒவ்வொரு மேம்படுத்தலுக்கும் முன்னால் நான்கு வெளியீடுகளைக் கோப்பில் சேமிக்கிறேன்: சோர்ஸ் ட்ரேஸ் தரும் கோப்பு வரிசை, பாத் அணி, மாற்றுப்பெயர்களின் பட்டியல், செட்ஆப்ட் என்று மட்டும் தட்டினால் வரும் தெரிவுகளின் பட்டியல். மேம்படுத்தி முடித்ததும் அதே நான்கையும் மறுபடி எடுத்து டிஃப் கட்டளையால் ஒப்பிடுகிறேன். கடைசியாகச் செய்தபோது மூன்று அப்படியே இருந்தன. நான்காவதில் ஒரு வரி குறைந்தது. கட்டளை வரியில் எண் குறி (#) இட்டுக் குறிப்பு எழுத அனுமதிக்கும் தெரிவு அது. எப்போதோ /ஈடிசி அடைவின் ஆர்சி கோப்பில் அதை எழுதிவைத்திருந்தேன், புதிய பதிப்பு அந்தக் கோப்பைப் புதிதாக வைத்துவிட்டது. வரியை என் வீட்டு அடைவின் ஆர்சி கோப்பில் சேர்த்தேன். மறுபடி ஒப்பிட்டபோது டிஃப் எதையும் காட்டவில்லை.